வெயிலுக்கு வைத்த வால்வு

திருமூர்த்தி அந்த ஸ்பிரிங்கைக் கட்டை விரலால் அமுக்கினான், விட்டான், மறுபடி அமுக்கினான். நேற்றே பார்த்தாயிற்று, நல்ல ஸ்பிரிங். காலையில் வந்ததும் பார்த்தாயிற்று. ஆனாலும் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் தலை கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. தலையாவது சும்மா இருப்பதாவது. தகரக் கொட்டகைக்கு வெளியே தென்னந்தோப்பில் வெயில் இன்னும் சரியாக இறங்கவில்லை, ஓலைகளிலேயே தங்கி நின்றது. மேசைமேல் பழைய துண்டை விரித்து மார்க்கரைப் பிரித்துப் போட்டிருந்தான். விளையாட வருகிறவர்கள் அதைக் கன் என்பார்கள், துப்பாக்கி என்பார்கள், அவனுக்கு அது மார்க்கர்தான். பெயின்ட் அடைத்த குண்டால் ஆளைத் தொட்டுவிட்டோம் என்று அடையாளம் வைக்கிற சாமான், அவ்வளவுதான், பயப்படாதீங்க, யாரையும் கொல்லாது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திடம் சிரித்துக்கொண்டே சொல்லுவான். கொல்லாது என்பது உண்மைதான். கண் போகுமா என்று இதுவரை ஒரு ஆளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தான், மாஸ்க் போட்டிருந்தால் போகாது. போட்டிருந்தால். அந்த வார்த்தையை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் சப்பிக்கொண்டிருந்தான்.

இந்த ஒரு மார்க்கருக்குள் மூன்று மார்க்கர் இருந்தன. வால்வு, சுகந்தியக்கா இந்தத் தோப்பை விளையாட்டு மைதானமாக மாற்றிய புதிதில் வாங்கிய வெளிநாட்டுச் சாமானுடையது, வாய் பெரிது, குண்டைத் தள்ளுகிற கேஸை வாரி விடும். வால்வை அடித்துத் திறக்கிற சுத்தியலுக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் வேறொன்றில் பிடுங்கியது, முரட்டு ஸ்பிரிங். அடி விழுந்ததும் வால்வை மூட வேண்டிய சின்ன ஸ்பிரிங் நைந்துபோன பழசு, மூட மனசில்லாமல்தான் மூடும். ஒன்றுக்கொன்று சேராது. சேராததைச் சேர்க்கத் தன் லேத் பட்டறையில் பித்தளையில் ஒரு வாஷர் கடைந்து போட்டிருந்தான். சேராததைச் சேர்த்து வைப்பதில் அவன் கெட்டிக்காரன், தங்கை கோகிலாவுக்குச் சம்பத்தைப் பார்த்து முடித்தவனே அவன்தானே. பம்ப் செட் ஏஜென்சி வைத்திருக்கிற பையன், சிரித்த முகம், ஒரு பீடி சிகரெட் கிடையாது, லேத்துக்கு வந்தால் வேலைக்காரனைக்கூட வாங்க போங்க என்பான். பையன் தங்கம் என்று அம்மாவிடம் சொன்ன வாய் இந்த வாய்தான். இந்த வாயில் ஸ்க்ரூ திருகுகிற ஆலன் கீயைக் கவ்விக்கொண்டு வால்வைக் குழாய்க்குள் செருகினான். சுத்தியல் எவ்வளவு ஓங்கி அடிக்கிறது, அடி வாங்கின வால்வு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது, இந்த இரண்டில்தான் குண்டின் வேகம் முழுதும் இருக்கிறது. ஓங்கி அடிக்கிறது. ஓங்கி ஒரு அறை உட்டுட்டாருங்கறா கண்ணு என்றுதான் அம்மா போனில் சொன்னாள். அவளும் வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கோணும் என்றும் சொன்னாள், அதையும் அதே மூச்சில் சொன்னாள்.

அப்படி என்ன வாயைத் திறந்துவிட்டாள். சிரித்தாள். அவ்வளவுதான் செய்தாள். யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சம்பத் ஆட்களுக்கு நடுவில் நின்று ஏதோ பெரிய பேச்சாகப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து, கோலமாவுக் கிண்ணத்தில் காலை வைத்து, வெள்ளைக் காலோடு நின்றானாம். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் நிறுத்தத் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இடது காதோடு சேர்த்து அறைந்திருக்கிறான். சவ்வு கிழிந்துவிட்டது. டாக்டரிடம் காது குடைகிற பட்ஸ் குத்திவிட்டது என்று சொன்னாள், டாக்டரும் சரி என்று எழுதிக்கொண்டார், ஊரில் எத்தனை பட்ஸ்தான் இப்படிக் குத்துகிறதோ. ஒரு வாரம் கழித்துத் திருமூர்த்தி போனான். கையை முறித்துவிட்டுத்தான் வருவேன் என்று போனான். சம்பத் வாசலுக்கே ஓடி வந்து, தப்புங் மச்சான், புத்தி கெட்டுப் போச்சுங் என்று அழுதான், நிஜமாகவே அழுதான், மூக்கு ஒழுகியது. உள்ளே போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. திருமூர்த்தி குடித்தான். குடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் மெதுவாக, வலிக்குதா கண்ணு என்று கேட்டான். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள். எதுக்கு ஆட்டினாள் என்று புரியவில்லை, வலிக்கிறது என்றா, இல்லை என்றா. பிறகுதான் உறைத்தது, அவன் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடப்பக்கம். அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்று மட்டும் தெரிந்து, கேட்டதுபோல ஆட்டிவிட்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான், கேட்காததற்கெல்லாம் ஆட்டிவிடுகிறாள். அந்தத் தலையாட்டல் அவன் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது, தின்றால் தின்னவிடாது, படுத்தால் படுக்கவிடாது. அந்த டீ டம்ளரை அப்படியே சம்பத் மூக்கில் அறைந்திருக்க வேண்டும், கண்ணாடி உடைய உடைய அறைந்திருக்க வேண்டும், மயிரைப் பிடித்து டீப்பாய் முனையில் நெற்றியை இடித்து, இடித்து, அழுவியா, இப்ப அழு, என்று. எதுவும் செய்யாமல் டம்ளரைக் கீழே வைத்தான். சர்க்கரை அளவாக இருந்தது, அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் மார்க்கர். திட்டம் போட்டான் என்று சொல்ல முடியாது, கை தானாகச் செய்தது, அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம். சம்பத்துக்கு இந்த விளையாட்டு என்றால் உயிர், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான், மச்சான் இருக்கிற இடம் என்று உரிமை வேறு. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஆட்டத்தின் நடுவிலேயே மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்கிச் சட்டையால் துடைப்பான். எத்தனை தரம் திட்டியாயிற்று. அவனுக்கு அதெல்லாம் காதில் ஏறாது, அவன் காது நல்ல காது, சவ்வு கிழியாத காது. ஒவ்வொரு தரமும் திருமூர்த்தி கத்துவான், மாஸ்க், என்று. மாஸ்க் போட்டுக்கொண்டு விசில் ஊத முடியாது, அதனால் இந்த மைதானத்தில் கத்தல்தான் விசில். அந்தக் கத்தல் கேட்டால் எல்லோரும் சுடுவதை நிறுத்த வேண்டும். வழக்கமாக ஆள் ஒன்று குறைந்தால் மைதானத்து ஆளே எதிர்ப்பக்கம் சேர்ந்து ஆடுவது இங்கே நடைமுறை, அப்போது மேற்பார்வைக்குச் சுகந்தியக்கா நிற்பாள், அவளுக்குத் தொண்டை பத்தாது. சம்பத் கூட்டத்தில் எப்போதும் ஒருவன் குறைவான். இன்றும் குறைவான். திருமூர்த்தி சேர்ந்து ஆடுவான். சம்பத் மாஸ்க்கைத் தூக்குவான். விளையாட்டில் பட்டுவிட்டது என்பார்கள். அவன்தான் மாஸ்க்கைக் கழட்டினான், எத்தனை தரம் சொன்னோம் என்பார்கள். சுகந்தியக்காவே சொல்லுவாள். ஒரு காதுக்கு ஒரு கண். எடை போட்டால் சரியாகத்தான் வருகிறது, இல்லை, சரியாக வரவில்லை, இன்னும் குறைகிறது, அந்தச் சிரிப்புக்கு என்ன வைப்பது.

வேகம் பார்க்கிற மீட்டர்தான் ஒரே தடை. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு மார்க்கரையும் அதன் முன்னால் வைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும், நம்பர் வினாடிக்கு இருநூற்று எண்பது அடியைத் தாண்டினால் ஒதுக்கிவிடுவார்கள். அதற்குத்தான் இந்த மூன்று மார்க்கர் கலவை. குளிர்ந்த கேஸில் நல்ல பிள்ளையாக இருக்கும், மீட்டர் சொல்கிற நம்பருக்குள் நிற்கும். சிலிண்டரில் வெயில் பட்டு கேஸ் சூடாகிவிட்டதோ, அந்தப் பெரிய வாயும் மூட மனசில்லாத ஸ்பிரிங்கும் சேர்ந்து தங்கள் குணத்தைக் காட்டும். நேற்று மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் வாழைமரத்தில் சுட்டுப் பார்த்தான். மற்ற மார்க்கர் குண்டு பட் என்று பட்டுத் தெறிக்கும், பட்டையில் மஞ்சள் வழியும். இது மொத் என்றது. பட்டை கிழிந்து உள்ளே போய்விட்டது. விரலை விட்டுப் பார்த்தான். ஈரமாக, குளிர்ச்சியாக, விரல் பாதிக்கு மேல் போயிற்று. அவன் விரலை எடுக்காமல் அப்படியே நின்றான். பயமா ஆசையா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

மார்க்கரைப் பூட்டினான். தனக்கென்று அடையாளம் தெரியப் பிடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினான். சிலிண்டரை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான், சாக்கோடு எடுத்துப்போய் மீட்டர் முன்னால் சுட்டுக் காட்டினான். சுகந்தியக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நம்பரைப் பார்த்தாள். தென்னைக்கு வெள்ளை ஈ வந்து காய்ப்பு போனபின் இந்த விளையாட்டில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது, அதனால் இந்த மீட்டரைக் கோயில் விளக்கு மாதிரிப் பார்ப்பாள். "நல்லா வந்துருக்குது திருமூர்த்தி, எல்லாத்துலயும் இதுதான் ஒழுங்கா இருக்குது" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மார்க்கரை மேசைமேல் வைக்கும்போது வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. சம்பத் முன்னால் வந்தான், புது ஷூ, சிரித்த முகம். அவனுக்குப் பின்னால் நண்பர்கள். அவர்களுக்குப் பின்னால், டிராக் பேண்டும் அவனுடைய பழைய டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று பார்த்துப் பார்த்து, கோகிலா.

"ஏனுங் மச்சான், ஒரு ஆள் கொறையுதுன்னு இவளையே இழுத்துட்டு வந்துட்டனுங். எதிர் டீம்ல போட்டுக்குங்க. வூட்டுலதான் எம்மேல கோவம் கோவமா இருக்கறா, இங்கயாச்சும் நாலு சுடு சுடட்டும்" என்றான் சம்பத். நண்பர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இது மன்னிப்புக் கேட்கிற வகை என்று திருமூர்த்திக்குப் புரிந்தது, இந்த மனுசன் எதையும் ஆள் கூட்டித்தான் செய்வான், மன்னிப்பையும். கோகிலா சிரிக்கவில்லை. ஆனால் அவள் கண்ணில் என்னவோ ஒன்று இருந்தது, சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாங்காய்க்குக் கல் எடுக்கும்போது இருக்குமே, அது. ஒரு கல்லும் பட்டதில்லை. ஆள் குறையவில்லை என்றால் திருமூர்த்தி ஆட முடியாது. அவன் நடுவில் நின்று கத்துகிறவன், வெறுங்கை. அதுகூடப் பரவாயில்லை, இன்னொரு ஞாயிறு வரும், என்று நினைத்துக்கொண்டே திரும்பினால் சம்பத் மேசையருகே போயிருந்தான், சிவப்பு டேப்பைத் தடவிப் பார்த்தான், எடுத்தான். "இது மச்சானுது. இந்தா, உங்கண்ணன்ற துப்பாக்கி, நீயே வெச்சுக்க" என்று அவள் கையில் கொடுத்துவிட்டான்.

"அது வேண்டாங் மாப்ள" என்றான் திருமூர்த்தி. "அது... கேஸ் ஒழுகுது." "ஒழுகுதா?" சுகந்தியக்கா வாங்கிக் காதோடு வைத்துப் பார்த்தாள், மூட்டுகளில் விரலை நனைத்துத் தடவிப் பார்த்தாள். "எங்க ஒழுகுது? இப்பத்தான மீட்டர்ல காட்டுன, இருக்கறதுலயே இதுதான் ஒழுங்கு. புதுசா ஆடற புள்ளைக்கு இதையே குடு." தான் செய்த வேலை தன் வாயை அடைக்கிறது. மீட்டர் பொய் சொல்கிறது அக்கா, நான்தான் சொல்ல வைத்தேன், என்று சொல்லலாம். சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கு என்று இவர்கள் முன்னால், சம்பத்தின் அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால், கோகிலாவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி விடலாம், ஒரு நிமிஷ வேலை, ஆலன் கீ எங்கே, சட்டைப் பையில், பேண்ட் பையில், மேசையில், எங்கே போய்த் தொலைந்தது, அதற்குள் எல்லோரும் மாஸ்க் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். போகட்டும். அவளுக்கு எங்கே குறி பார்க்கத் தெரியும். மாங்காய்க்குக் கல் எறிந்த கை. போகட்டும், நான் அவள் பின்னாலேயே நிற்கிறேன், அவன் மாஸ்க்கைத் தூக்கினால் கத்தி நிறுத்திவிடுகிறேன், இத்தனை வருஷம் கத்தின கத்தல்தானே. மாஸ்க் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. போட்டிருந்தால்.

விதிகளைச் சொன்னான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சொல்கிற அதே பாட்டு, வாய் பாட்டுக்குச் சொன்னது, மனசு சிலிண்டர்மேல் இருந்தது. அவளுடைய சிலிண்டர் இப்போது ஈரச் சாக்கில் இல்லை, அவள் இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்த கறுப்புச் சிலிண்டர்மேல் ஓலை இடுக்கிலிருந்து வெயில் ஒரு கீற்றாக விழுந்தது. "மாஸ்க்கை யாருங் கழட்டக்கூடாது. யாராச்சுங் கழட்டுனா நான் மாஸ்க்குனு கத்துவேன். கத்துனா அத்தனை பேரும் சுடறதை நிறுத்தோணும். புரிஞ்சுதா அம்மிணி?" கோகிலா தலையை ஆட்டினாள். எல்லோரும் தோப்புக்குள் நடந்தார்கள். பத்தடி போனபிறகு அவனுக்கு அந்தத் தலையாட்டல் திரும்பி வந்தது, வயிற்றுக்குள்ளிருந்த பழைய ஆட்டலும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன, எந்தப் பக்கம் நின்று சொன்னேன், எந்தப் பக்கம். ஞாபகம் வரவில்லை. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தான், அதற்குள் சுகந்தியக்கா கையைத் தூக்கி இறக்கினாள், ஆட்டம் தொடங்கிவிட்டது.

பட் பட் பட் என்று நாலு பக்கமும் வெடித்தது. மறைவுக்கு நிறுத்திய டிரம்களில் குண்டு தெறித்து மஞ்சளும் நீலமும் வழிந்தன, எவனோ ஐயோ தொடை என்று கத்தினான், எவனோ கெட்ட வார்த்தையில் சிரித்தான். தோப்பின் நடுவில் மரம் வெட்டின இடம் திறந்த வெளி, அங்கே வெயில் நேராகக் கொட்டியது. கோகிலா அந்த இடத்தில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். சிலிண்டர் முழுக்க வெயிலில். அவள் ஒரு குண்டு விட்டாள், அது எங்கோ போயிற்று, ஆனால் சத்தம் மாறியிருந்ததை அவன் மட்டும் கேட்டான், மொத் என்கிற அந்தச் சத்தத்தின் ஆரம்பம் அதில் இருந்தது. வியர்வை அவன் மாஸ்க்குக்குள் கண்ணில் இறங்கி எரிந்தது. நிறுத்துகிறேன், ஏதாவது சொல்லி நிறுத்துகிறேன், பாம்பு என்று கத்துகிறேன், தோப்பில் பாம்பு என்றால் எவனும் நிற்கமாட்டான், என்று நினைத்துக்கொண்டே அவளை நோக்கிப் போனான், போகிறபோதே எதிரே நீல டிரம்முக்குப் பின்னால் சம்பத் எழுந்து நின்றதைப் பார்த்தான். கண்ணாடியில் ஆவி படிந்திருக்க வேண்டும். கட்டை விரலை மாஸ்க்கின் அடி விளிம்பில் கொடுத்தான். எத்தனை ராத்திரி பார்த்த காட்சி. இனி அவன் தூக்குவான், மெதுவாக, சோம்பேறித்தனமாக, நெற்றிக்கு. தூக்கினான். வெள்ளை முகம் வெயிலில் வெளியே வந்தது, வியர்த்த கன்னம், சிமிட்டுகிற இரண்டு கண். சட்டையை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். திருமூர்த்தியின் தொண்டையில் கத்தல் வந்து நின்றது, வந்தது, வெளியே வரவில்லை. ஒரு மூச்சு நேரம் அவன் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடி, என்று உள்ளே எதுவோ சொன்னது. அப்புறம்தான் பிடியில் சுற்றின சிவப்பு டேப் டயர்மேல் ஏறி நிலைக்கு வருவது தெரிந்தது, அதைப் பிடித்திருந்த கை யாருடையது என்று தெரிந்தது, கோர்ட்டில், போலீஸ் ஸ்டேஷனில், சம்பத் வீட்டு ஆட்கள் நடுவில் அந்தக் கை நடுங்குவது தெரிந்தது.

"மாஸ்க்! மாஸ்க்! சுடாத கண்ணு, சுடாத!"

அப்படி ஒரு கத்தல் அந்தத் தோப்பு கேட்டதில்லை. எல்லா மார்க்கரும் ஒரே சமயத்தில் நின்றன. சம்பத்துகூடக் கேட்டுத் திடுக்கிட்டான், யார் கத்துகிறது என்று முகத்தை நேராகத் திருப்பினான். ஒருத்திக்குத்தான் கேட்கவில்லை. வலது காதை டயரோடு ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றது அவளுடைய இடப்பக்கம். ஓடினான். மொத் என்றது.

சம்பத் விழவில்லை, உட்கார்ந்தான், மெதுவாக, யாரோ தோளை அமுக்கி உட்கார வைத்தது போல. இரண்டு கையும் முகத்தில் இருந்தன. விரல் இடுக்கில் முதலில் மஞ்சள் வந்தது. அப்புறம் மஞ்சள் இல்லாதது வந்தது. பிறகுதான் அவன் அலறினான். தன் கண்ணாடியில் படிந்த ஆவி வழியே கோகிலா பார்த்தது ஒரு ஆள் உட்கார்ந்ததை மட்டும்தான். பட்டுவிட்டது, வாழ்க்கையில் முதல் முறையாக அவள் எறிந்த கல் பட்டுவிட்டது. துள்ளி எழுந்தாள், மார்க்கரைத் தலைக்குமேல் தூக்கினாள், கிரகப்பிரவேசத்தன்று நின்றுபோன அந்தச் சிரிப்பு அவளுக்குத் திரும்ப வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியபோது அண்ணன் பக்கத்தில் மாஸ்க்கைக் கழட்டிக் கையில் பிடித்து, வாயைத் திறந்தபடி நிற்பதைப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்லியிருக்கிறான் என்று புரிந்து, வழக்கம்போல வலது காதை அவன் பக்கம் திருப்பினாள்.

"என்னங்ணா சொன்னீங்க?"